வண்டி கொதித்தால் முதலில் எதைப் பார்ப்பது?



மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென இழுவை குறைந்து, பானெட்டின் இடுக்கு வழியே குபுகுபுவென ஆவி விடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "வண்டி கொதித்துவிட்டது" என்கிறோம். உடனே இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திருகுபவர்களும் உண்டு. இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: வண்டி சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

காரணம் என்ன? அடுப்பில் திறந்து வைத்த தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியிலோ ஒரு சுருள்வில் இருந்து, உள்ளே அழுத்தத்தை அடைத்து வைக்கிறது. மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் இது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 112 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே அழுத்தம் போய்விடுகிறது. உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் பொங்கிக் கையிலும் முகத்திலும் பீச்சியடிக்கிறது. அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள். பிறகு தடித்த துணியை மடித்துப் போட்டு, முதல் பிடி வரைக்கும் மெல்லத் திருப்பி, சீறல் அடங்கிய பின்பே முழுதும் திறக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பில் அது பட்டால் விரிசல் விழலாம்.

மோரிஸ் மைனரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி இது. 1970 வரை சலூன் காராகச் செய்யப்பட்டது. மலாயாச் சாலைகளிலும் ஓடியது. தாத்தா வாங்கியது என்று இன்றும் சிலர் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். இதன் உள்ளமைப்பு எளிமையானது, கற்றுக்கொள்ள ஏற்றது. ஆனால் சூட்டைக் காட்டும் முள் இதில் சாதாரணமாகக் கிடையாது. ஓட்டுபவர்தான் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய முதல் செய்தி, வண்டி எங்கே எப்போது கொதிக்கிறது என்பதே. ஒரு ஸ்பேனரைக்கூட எடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது எங்கள் கருத்து.

நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடேறி, திறந்த சாலையில் வேகமாகப் போனால் தணிகிறதா? அப்படியானால் காற்றுப் போதவில்லை. ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வருகிறது. நிற்கும் வண்டிக்கு விசிறிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும். ஆகவே விசிறி பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் தொங்கினால் பெல்ட் வழுக்குகிறது. மைனரில் அந்த ஒரே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் மின்சாரம் தரும் டைனமோவையும் சுழற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால், "பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று பலர் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீரும் சுற்றவில்லை என்று பொருள். உடனே நிறுத்துங்கள். ஒரு பெல்ட்டின் விலையோடு முடியவேண்டிய காரியம், இன்ஜினையே கழற்றும் செலவாகிவிடும். வீட்டில் அரிசிக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய பணம் பட்டறைக்குப் போய்விடும்.

பெல்ட் சரியாக இருந்தால், ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையில் பூச்சியும் செம்மண்ணும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.

இதற்கு மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் கொதிக்கிறதா? அப்போது தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் துரு சேர்ந்து அடைத்திருக்கும். வண்டி நன்றாகச் சூடேறியதும் இன்ஜினை நிறுத்தி, தகடுகளின் அருகே பல இடங்களில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அடைப்பு அங்கேதான். கீழ் ரப்பர் குழாய் பழசாகி மெத்தென்றிருந்தாலும், வேகமாக ஓடும்போது பம்பு இழுக்கும் இழுப்பில் அது சப்பிப் போகலாம். தீப்பொறி தாமதமாக விழுவதும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும்கூடச் சூட்டை ஏற்றும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அழுத்தம் தங்காத வண்டிக்கு, அந்த ஏற்றத்தில் எவ்வளவு சிரமம் பாருங்கள்! ரேடியேட்டரை மாற்றும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, பிறகு தானே திறக்கும் வால்வு இது. "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. நாங்கள் அதற்கு உடன்படமாட்டோம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் கூடும். அடைத்துப்போன ரேடியேட்டரும் இதனால் திறந்துவிடாது. சந்தேகமிருந்தால் சமையலறையிலேயே சோதிக்கலாம். பழைய பானையில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால், தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். அந்தப் பானையைச் சமையலுக்கு மறுபடியும் எடுக்க வேண்டாம்.

கடைசியாகத்தான் ஹெட் கேஸ்கெட். வண்டி ஆறிய பின் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. நிற்காமல் வந்து, வேகம் கூட்டக் கூட்டப் பெருகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று ஐயப்படலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் நிறப் பசை இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அது படியும். எண்ணெய் அளக்கும் கம்பியிலும் அதே நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

பட்டறைக்குப் போனால், "கொதிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மைல் ஓடிய பின், மேட்டிலா நெரிசலிலா, எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்பதையும் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், அது வளைந்திருக்கிறதா என்று நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டின்கீழ் புதுக் கேஸ்கெட் நெடுநாள் தாங்காது.