கூலி வாங்காத கைகளும் கணினி நிரல்களும்

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு முன் கோத்தோங் ரோயோங் நடப்பதை நாம் அறிவோம். புல் வெட்டுகிறவர் கூலி கேட்பதில்லை. ஆனால் பந்தலுக்கும் அன்னதான அரிசிக்கும் பணம் வேண்டுமே! அதற்காக வசூல் நோட்டு வீடு வீடாகப் போகிறது. கணினி உலகிலும் இப்படியொரு கோத்தோங் ரோயோங் உண்டு. அதன் பெயர் திறந்த மூல மென்பொருள்.

மென்பொருள் என்பது கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வேலை சொல்லும் கட்டளைகளின் தொகுப்பு. விற்பனைக்குச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அக்கட்டளைகளை மறைத்து வைப்பார்கள். திறந்த மூலத்தில் அவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். குழம்போடு அதன் பக்குவத்தையும் சொல்லிக் கொடுப்பது போல.

தமிழில் இதற்குச் சான்று 'இ-கலப்பை'. ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் எழுத வழி செய்த இந்நிரலை, முகுந்தராஜ் முன்னின்ற 'தமிழா' என்னும் தன்னார்வக் குழு 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலவசமாக வழங்கியது. முதலில் அது 'கீமேன்' என்னும் வேறொரு நிரலைச் சார்ந்து இயங்கியது. பின்னரே முழுக்கத் திறந்த மூலமாயிற்று. செய்து முடித்தால் போதுமா? போதாது. விண்டோஸ் மாறும்போதெல்லாம் நிரலையும் சீர்படுத்த வேண்டும். புதிதாகச் செய்ய ஆள் வரும். பழுது பார்க்கத்தான் ஆள் கிடைப்பது அரிது. கோயில் கட்டியபின் கூரை ஒழுகுவதைப் பார்க்க யார் வருகிறார்கள்?

ஒழுகினால் என்ன ஆகும் என்பதை 2014-இல் உலகம் கண்டது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல் முதலியவற்றைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' நிரலில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் அந்த நிரலை நம்பியிருந்தன. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர்தான்! முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். அதன் பிறகே கூகல், மைக்ரோசாப்ட் போன்றவை லினக்ஸ் அறக்கட்டளை வழியாக நிதி கொடுக்க முன்வந்தன.

நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான வேலைக்குச் சம்பளம் கொடுக்கும். அதில் குற்றமில்லை. தமிழ் அவர்களுக்குச் சிறிய சந்தை. ஆகவே தமிழ் வேலையில் பெரும்பகுதி தன்னார்வலர் தலையில் விழுகிறது.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று தோட்ட மக்கள் கேட்க வேண்டியதில்லை. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைக் கொண்டு மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

பணம் இல்லாதவரும் உதவலாம். தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், எந்தக் கருவியில், எந்தச் சொல்லில் என்று குறித்து, நிரல் செய்தவருக்கு எழுதலாம். தமிழும் ஆங்கிலமும் அறிந்த இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற நிரல்களின் தமிழாக்கத்தில் சேரலாம். நாளுக்குப் பத்து வரி பார்த்தாலும் போதும்.