எந்தப் பழைய நிலைக்கு? மாற்றப்பட்ட பழைய கிட்டாரை அடையாளம் காண்பதும் சரிசெய்வதும்

ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டார் கைக்கு வருது என்று வைத்துக்கொள்வோம். தலையில் இருக்க வேண்டிய பெயரைக் காணோம். மேல்பலகையில் யாரோ புதுசா வார்னிஷ் அடிச்சிருக்காங்க. ஃபிங்கர்போர்டு வேறு கிட்டாரிலிருந்து கழட்டி ஒட்டினது மாதிரி இருக்கு. ஒலித்துளை வழக்கத்தை விடப் பெருசு. பார்த்த உடனே நமக்குத் தோன்றுவது என்ன? "இதைப் பழையபடி ஆக்கணும்."

கொஞ்சம் பொறுங்க. பழையபடி என்றால் எந்தப் பழையபடி? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளா? இரண்டாவது உரிமையாளர் வாசித்த நாளா? இதைத் தீர்மானிக்காமல் உப்புத்தாளை எடுத்தால், சரிசெய்யும் வேலையே கடைசி சேதமாக முடிஞ்சிடும். ஆகவே முதல் வேலை அடையாளம் காண்பது.

வெளியே இருப்பது பொய் சொல்லும்

கண்ணுக்கு எளிதாகத் தெரிவதுதான் எளிதாக மாறவும் கூடியது. பெயர்ச் சின்னம், முறுக்காணிகள், பிரிட்ஜ், வண்ணம் எல்லாவற்றையும் ஒரு வாரக் கடைசியில் மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் சட்டங்களை மாற்ற யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் மனசு வராது. எனவே ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒலித்துளை வழியாக உள்ளே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தையே உதாரணமாக எடுத்துக்கலாம். 1833இல் தொடங்கியது; பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இன்றும் இருக்கிறது. 1898 முதல் ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசை எண் போட்டார்கள். அதுவரை எத்தனை செய்திருப்போம் என்று ஒரு கணக்குப் போட்டு, 8000த்திலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், உள்ளே இருக்கும் மரக்கட்டையில் அந்த எண் அழுத்தியிருக்கும். 1930 அக்டோபர் முதல் மாடலின் பெயரும் அதோடு சேர்ந்தது.

எண் அழிந்துபோயிருந்தால்? அப்பவும் வழி இருக்கு.

கழுத்துக்குள் காந்தம் இழுக்கிறதா பாருங்க. 1934 முதல் கழுத்துக்குள் எஃகுப் பட்டை வைத்தார்கள். அதற்கு முன்னால் கருங்காலி. இரண்டாம் உலகப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் கருங்காலிக்குப் போனார்கள். ஃபிங்கர்போர்டைக் கழட்டாமலே ஒரு சின்னக் காந்தம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

மேல்பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் ஓடும் சட்டங்களைப் பாருங்க. 1944 கடைசி வரை அவற்றின் நடுப்பகுதியைக் குடைந்து மெலிதாக்கினார்கள். அதன் பிறகு நேராக விட்டுவிட்டார்கள். டி-28 மாடலில் உடலின் ஓரத்தைச் சுற்றி மீன்முள் மாதிரி ஒரு பட்டை ஓடும். அது 1947 வாக்கில் நின்றுபோனது.

அடுத்தது மரம். டி-28இன் பின்பலகையும் பக்கங்களும் 1969 வரை பிரேசில் நாட்டு ஈட்டி. பிறகு இந்திய ஈட்டி. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே தோதகத்தி இனம்தான்.

இப்படி நான்கைந்து தடயங்களும் ஒரே காலத்தைக் காட்டினால் நம்பலாம். ஒன்று மட்டும் முரண்பட்டால், அதுதான் மாற்றப்பட்ட இடம்.

58957

இனி ஒரு நிஜமான கிட்டார். வரிசை எண் 58957. மார்ட்டின் டி-28, 1935ஆம் வருடத்தது.

1959 வாக்கில் கலிபோர்னியாவில் கிளாரன்ஸ் வைட் என்ற பதின்வயதுப் பையன் கைக்கு இது வந்தது. விலை 35 டாலர் என்று சொல்வார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கக் காரணம், அது ரொம்ப அடிபட்ட கிட்டார். ஒலித்துளையை யாரோ பெரிதாக்கியிருந்தார்கள். பிறகு அதன் ஃபிங்கர்போர்டும் மாறியது. இடம் காட்டும் புள்ளிகளே இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்தது. சேகரிப்பாளர் கண்ணுக்கு இது கெட்டுப்போன கிட்டார்.

ஆனால் வைட் அதை வைத்துக்கொண்டுதான் புளூகிராஸ் இசையில் கிட்டாரின் இடத்தையே மாற்றினார். அதுவரை பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியம், ஃபிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் சமமாக முன்னால் வந்து தனியாக வாசித்தது. 1973இல், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவரால் வைட் இறந்தார். 1975இல் டோனி ரைஸ் அந்தக் கிட்டாரைத் தேடிப்பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். அவர் 9 வயதுப் பையனாக இருந்தபோதே வைட்டிடம் அதைப் பார்த்தவர். 1993இல் புளோரிடாவில் வந்த புயல் வெள்ளத்தில் கிட்டார் முங்கிப்போனது. காயவைத்து, பழுதுபார்த்து, மறுபடியும் வாசித்தார். 2020இல் ரைஸ் காலமானார்.

அந்தப் பெரிய துளை என்ன செய்தது? காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வரும் இல்லையா? வாய் அகலமாக அகலமாகச் சுரம் மேலே போகும். கிட்டார் உடலும் அப்படி ஒரு காற்றுப் பெட்டிதான். இந்த அளவுக் கிட்டாரில் காற்றின் சுரம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். துளையைப் பெரிதாக்கினால் அது மேலே நகரும்; அடித்தொனியின் முழக்கம் குறைந்து, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். வேகமாகத் தனி வாசிப்பு வாசிப்பவருக்கு வேறென்ன வேணும்?

இப்போ யோசிங்க. 1960களில் நல்ல மனசு படைத்த ஒரு கைவினைஞர், "பாவம், துளை கெட்டுப்போச்சு" என்று வளையம் ஒட்டி அதைச் சின்னதாக்கியிருந்தால்? 1935ஆம் வருடத்துத் தோற்றம் திரும்பியிருக்கும். அந்த ஒலி போயிருக்கும். பின்னாளில் சாண்டா குரூஸ் நிறுவனமும், ஏன் மார்ட்டினுமே கூட, பெரிய துளை போட்ட கிட்டார்களைப் புதிதாகவே செய்து விற்றன. ஒரு காலத்தில் சேதமாகத் தெரிந்தது வடிவமைப்பாகிவிட்டது.

அப்படியானால் எதையும் தொடக் கூடாதா?

அப்படியும் இல்லை. எல்லா மாற்றமும் புனிதம் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று கேள்விகளோடு பார்க்கலாம்.

ஒன்று, இது கிட்டாரின் உயிருக்கு ஆபத்தா? எஃகுக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, இரவும் பகலும். கழன்ற சட்டம், பிளந்த பலகை, தூக்கிக்கொண்ட பிரிட்ஜ் ஆகியவற்றை உடனே கவனிக்கணும். பலகைப் பிளவை ஒட்டி, உள்பக்கம் சின்ன மரத்துண்டுகளைக் குறுக்கே வைத்துத் தாங்க வைப்பார்கள். பல வருட இழுப்பில் கழுத்தின் கோணம் சாய்ந்து, கம்பி ஃபிரெட்டுகளை விட்டு மேலே போயிருந்தால், கழுத்தையே கழட்டி மறுபடி பொருத்தணும். பழைய மார்ட்டினில் கழுத்து நிற்பது புறாவால் வடிவ மூட்டில். பசை, நம்ம தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் மாதிரி மிருகத் தோலிலிருந்து செய்தது. நீராவி காட்டினால் அது இளகிவிடும். அடுத்த தலைமுறையும் கழட்ட முடியும் என்பதால்தான் இன்றும் நல்ல பழுதுபார்ப்பாளர்கள் அந்தப் பசையையே தேடுறாங்க. எபாக்ஸி ஊற்றினால் அந்தக் கதவு மூடிடும்.

இரண்டு, நான் செய்யப்போவதைத் திருப்பி மாற்ற முடியுமா? முறுக்காணியை மாற்றலாம், பழையது கையில் இருந்தால் திரும்பவும் போட்டுக்கலாம். பூச்சை உரித்தால் திரும்ப வராது. உப்புத்தாள் பூச்சோடு சேர்த்து மரத்தையும் தின்னும். பழைய பிரிட்ஜ் எங்கே இருந்தது என்று காட்டும் வெளிறிய நிழலும் அதோடு போயிடும். முன்பே வேறு யாரோ வார்னிஷ் அடித்திருந்தாலும், பெரும்பாலான சமயம் அப்படியே விடுவதுதான் நல்லது.

மூன்று, இந்த மாற்றத்துக்கு ஒரு வேலை இருந்ததா? யாரோ வாசிப்புக்காகத் துளையைப் பெரிதாக்கியிருக்கலாம், கழுத்தைச் செதுக்கியிருக்கலாம். அப்படியானால் அதைத் திருத்தும் முன் ஒரு மாதமாவது வாசித்துப் பாருங்க. காது சொல்லட்டும்.

வேலை தொடங்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கோங்க. கழட்டின ஆணி, பழைய பிரிட்ஜ், உடைந்த துண்டு எதையும் குப்பையில் போடாதீங்க. ஒரு கவரில் போட்டு, என்ன செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம் என்று ஒரு சீட்டு எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைங்க. நாளைக்கு அதே ஒலித்துளை வழியாக டார்ச் அடித்துப் பார்க்கப்போகிற இன்னொருவருக்கு அந்தச் சீட்டுதான் முதல் தடயம்.