பதில் எழுதுவது யார்? வாட்ஸ்அப் விற்பனைச் செய்திகளும் நுகர்வோர் உரிமையும்

இணையத்தில் ஒரு மனைப்பிரிவின் விளம்பரத்தைப் பார்த்துப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுக்கும் ஒருவர், விற்பனைத் துறையின் வழக்கில் ஒரு 'லீட்' ஆகிறார். அதாவது, இன்னும் எதையும் வாங்காத, ஆனால் வாங்கக்கூடும் என்று கருதப்படுகிற ஆள். அவரை விடாமல் தொடர்ந்து பேசி வாங்கும் நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு 'ஃபாலோ-அப்' என்று பெயர். விசாரணை வந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், ஒரு மணி நேரமேனும் பிந்தியவற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பயனுள்ள பேச்சுக்கு வழி கண்டன என்று 2011இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளிவந்த ஆய்வு, அத்துறையில் வேதவாக்காகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிடமாகி, ஐந்து நிமிடம் சில நொடிகளாகச் சுருங்கியபோது, மனிதரால் ஈடுகொடுக்க முடியாத அந்த வேகத்துக்கு மனிதரைப் போல் எழுதும் இயந்திரம் அமர்த்தப்பட்டது.

இதன் இயக்கம் சிக்கலானதன்று. படிவத்தை அனுப்பிய உடனே அந்த விவரங்கள், வாடிக்கையாளர் பட்டியலைப் பராமரிக்கும் சிஆர்எம் என்ற மென்பொருளுக்குச் செல்கின்றன. அங்கிருந்து, நிறுவனங்கள் கணினி வழியே செய்தி அனுப்புவதற்காக வாட்ஸ்அப் 2018இல் திறந்த இணைப்பின் மூலம் முதல் செய்தி போகிறது. பதில் வந்தால், சாட்ஜிபிடி போன்ற செயலிகளுக்கு அடிப்படையான பெருமொழி மாதிரி என்ற தொழில்நுட்பம் அடுத்த வரியை எழுதுகிறது. மனிதர்தான் எழுதுகிறார் என்று தோன்றச் செய்யும் உத்திகள் இதற்குமேல் சேர்க்கப்படுகின்றன. பதிலைச் சில நொடிகள் வேண்டுமென்றே தாமதப்படுத்துவது, தட்டச்சு நடப்பதாகக் காட்டும் புள்ளிகளை ஓடவிடுவது, நீண்ட பதிலை இரண்டு மூன்று சிறு செய்திகளாக உடைப்பது, 'சார்', 'மேடம்' என்று தங்கிலீஷில் குழைவது, முகப்பில் ஒரு பெண்ணின் பெயரையும் படத்தையும் வைப்பது என்று அவை பலவகைப்படும். இவற்றுள் பலவும் தனித்து நின்றால் குற்றமாகமாட்டா. ஆனால் எல்லாம் சேரும்போது, எதிரே ஓர் ஆள் காத்திருக்கிறார், மறுமொழி சொல்லாவிட்டால் மரியாதையாக இராது என்ற கூச்சம் வாங்குபவரிடம் உண்டாகிறது. முகம் தெரியாதவருக்கும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதும் நாகரிகமே இங்கு விற்பவரின் மூலதனமாக மாறுகிறது.

அந்த 'பார்த்துச் சொல்கிறேன்' என்ற பதிலுக்குத் தொழில்நுட்ப மதிப்பும் உண்டு. வாட்ஸ்அப்பின் வணிக விதிகளின்படி, ஒரு நிறுவனம் தானாகத் தொடங்கும் செய்தி 'டெம்ப்ளேட்' எனப்படும், முன்கூட்டியே அனுமதி பெற்ற வார்ப்பில் அமைந்திருக்க வேண்டும்; ஆனால் பெறுபவர் ஏதேனும் ஒரு செய்தியை அனுப்பிவிட்டால், அப்போதிலிருந்து 24 மணி நேரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கி, நிறுவனம் தன் விருப்பம்போல் எழுதலாம். 'எந்த ஏரியா பார்க்கிறீங்க?', 'ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் வர முடியுமா?' என்று முதல் செய்தி ஒரு கேள்வியில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். எரிச்சலோடு அனுப்பும் 'வேண்டாம்' கூட அந்த 24 மணி நேரத்தைத் தொடங்கி வைக்கவே செய்கிறது. செய்தி அனுப்ப முன்னொப்புதல் வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று அதே விதிகள் சொல்வது உண்மைதான். எனினும், ஒருவர் எழுதும் 'வேண்டாம்' என்பதை மென்பொருள் மறுப்பாகக் கொள்கிறதா, விலையைக் குறைப்பதற்கான பேச்சாகக் கொள்கிறதா என்பது அதை அமைத்தவரின் கையில் இருக்கிறது. ஆகவே, ஒருமுறை தெளிவாக எழுத்தில் மறுத்துவிட்டு, அதற்குப் பின்னும் செய்தி தொடர்ந்தால் செயலியிலேயே உள்ள புகார் வசதியையும் தடை வசதியையும் பயன்படுத்துவது நல்லது. அந்த ஒருவரி மறுப்பு பின்னால் சான்றாகவும் நிற்கும்.

படிவத்தில் எண்ணைக் கொடுத்ததே எல்லாவற்றுக்கும் ஒப்புதல் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. இதற்கு விடை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருக்கிறது. வாடகைக்கு வீடு பார்த்துத் தருமாறு ஒருவர் வீட்டுத் தரகருக்கு மின்னணு வழியில் செய்தி அனுப்பித் தன் விவரங்களைக் கொடுத்தால், வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளைக் கண்டறிந்து அவருக்குத் தெரிவிப்பதற்குத் தரகர் அவ்விவரங்களைப் பயன்படுத்தலாம். இனித் தேவையில்லை என்று அவர் சொன்ன பிறகு பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். வாடகை வீட்டுக்காகக் கொடுத்த எண்ணை மனை விற்பவருக்கோ கடன் முகவருக்கோ கைமாற்றிவிடுவது இந்த நோக்கத்துக்குள் அடங்காது என்பதும், முதலில் பேசக் கிடைத்த உரிமை 'போதும்' என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது என்பதும் இதிலிருந்து தெளிவாகும். ஒப்புதல் பெறப்படும் இடங்களில், அதைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது; ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். 18 வயது நிறையாதவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் நேரடியாக எண் வாங்கி அவர்களையே துரத்தும் பயிற்சி நிறுவனங்களுக்கு இச்சட்டம் பெரிய தடையாகும். ஆனால் வாசகர் ஒன்றை மறக்கக் கூடாது: இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன.

விளம்பர அழைப்புகளைத் தடுப்பதற்கான 1909 என்ற எண்ணில் கைப்பேசி எண்ணைப் பதிந்துவிட்டால் தொல்லை தீரும் என்ற நம்பிக்கையும் பாதியளவே சரியானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளின் செய்திகள் அவற்றுக்கு வெளியே நிற்கின்றன. வணிகச் செய்திகள் செயலிகளுக்கு இடம்பெயர்ந்ததில் இந்த இடைவெளிக்கும் பங்கு இருக்கலாம். எனினும், செயலியில் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் ஓர் அழைப்பில் போய் முடிவதால், அந்த அழைப்பின் மேல் ஏழு நாட்களுக்குள் 1909இல் புகார் அளிக்கும் உரிமை பயன்படும். மூன்று நாளாக இருந்த இந்தக் கெடு 2025இல் நீட்டிக்கப்பட்டது.

தொல்லையைவிடக் கனமான இடர், இயந்திரம் கொடுக்கும் வாக்குறுதியில் இருக்கிறது. பெருமொழி மாதிரி, தெரியாததையும் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்லிவிடும் இயல்புடையது. 'டிடிசிபி அப்ரூவல் இருக்கா?', அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி உண்டா, என்ற கேள்விக்கு ஆவணத்தைப் பார்க்காமலே 'இருக்கு சார்' என்று எழுதிவிட அதனால் முடியும். அப்படிச் சொன்னது கணினிதான், நிறுவனமன்று என்ற வாதம் கனடாவில் ஒருமுறை எடுபடாமல் போயிற்று. குடும்பத்தில் ஒருவர் இறந்ததால் பயணம் செய்தவருக்கு ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவலைத் தந்திருந்தது. அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வாதிட, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குடிமைத் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 812 கனடா டாலரைப் பயணிக்குத் தருமாறு ஆணையிட்டது. இந்தியாவில் அத்தீர்ப்புக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, ஒரு மனைப்பிரிவைப் பற்றிய எந்த ஊடகத்தின் எந்த வடிவ விளம்பரத்தையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. விளம்பரத்தின் பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்படைந்தவருக்கு மனை மேம்பாட்டாளர் இழப்பீடு தர வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு விதிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் விற்பனைச் செய்தியும் இந்த விரிந்த வரையறைக்குள் அடங்கும் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதிகள். ஆகவே, இயந்திரத்திடம் கேட்டுத் தெளிவதைவிட, பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்ப்பது விரைவானதும் நம்பத் தக்கதும் ஆகும்.

'இன்றைக்குள் டோக்கன் அட்வான்ஸ் போட்டால்தான் இந்த விலை, இரண்டு மனைதான் பாக்கி' என்பது இத்தகைய செய்திகளில் அடிக்கடி வரும் வரி. கையிருப்பைப் பற்றிப் பொய்யாக அவசரம் கற்பிப்பதையும், திரும்பத் திரும்ப வற்புறுத்தி நச்சரிப்பதையும் 'டார்க் பேட்டர்ன்', அதாவது நுகர்வோரைத் திசைதிருப்பும் வடிவமைப்புத் தந்திரம், என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் வகைப்படுத்தித் தடைசெய்கின்றன. இது குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். விற்பவரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

விற்பவரே இல்லாத விற்பனையும் உண்டு. எங்கிருந்தோ கசிந்த அல்லது விலைக்கு வந்த விசாரணைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'நேற்று நீங்கள் விசாரித்த வீடு' என்று துல்லியமாகப் பேச்சைத் தொடங்கும் மோசடிக்காரருக்கு, இதே மென்பொருள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரிடம் சலிக்காமல் பேசும் திறனைக் கொடுக்கிறது. செய்தி சரளமாக இருப்பதோ விசாரித்த விவரம் சரியாக இருப்பதோ இனிமேல் நம்பகத்துக்கு அடையாளமாகாது. விளம்பரத்தில் அல்லது அரசுப் பதிவில் உள்ள எண்ணுக்குத் தாமே அழைத்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஐயத்துக்குரிய செய்தி மட்டும் வந்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்‌ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும், ஏனெனில் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன்னரே அதை முடக்க முடியும்.

எந்த வழியில் முறையிட்டாலும் உரையாடலே சான்று. மறையும் செய்தி வசதியை விற்பவர் இயக்கியிருக்கிறாரா என்று பார்த்து, எண்ணும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, உரையாடலை ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது. நீதிமன்றம்வரை போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதால், அந்தக் கைப்பேசியை விற்றுவிடாமலும் அழிக்காமலும் பாதுகாப்பது இன்றியமையாதது.

சிறு வணிகர்கள் இதை நுகர்வோர் பக்கத்துப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 'பல்க் வாட்ஸ்அப்' என்று மலிவாக விற்கப்படும் அங்கீகாரமற்ற மென்பொருள்கள் வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு முரணானவை. அவற்றைப் பயன்படுத்தினால் பல ஆண்டுகளாகக் கடைப்பலகையில் அச்சிட்டு வந்த எண்ணே முடக்கப்படலாம். அங்கீகாரம் பெற்ற வழியில் செல்பவரும், செய்திகளைச் சேமித்து வைக்கும் இடைநிலை நிறுவனம் எது என்று அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் தரவுச் சட்டம், கசிவுக்கான பொறுப்பைச் சேவை வழங்குநரின் மேல் தள்ளிவிட வணிகரை அனுமதிப்பதில்லை, பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. விலை, அனுமதி, ஒப்படைக்கும் தேதி ஆகிய மூன்றைப் பற்றியும் இயந்திரத்தைப் பேசவிடாமல் மனிதரிடம் மாற்றிவிடுவது அவர்களுக்கே நல்லது.

விற்பனைக்காகத் தன்னை மனிதராகக் காட்டி ஏமாற்றும் மென்பொருளைக் கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் சட்டவிரோதமாக்கியிருக்கிறது. பேசுவது இயந்திரம் என்று தெரிவிக்கும் கடமையை 2024இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் விதிக்கிறது. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை என்பது இந்த முழு ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. மனை விளம்பரத்தில் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கிய நாட்டில், வாட்ஸ்அப்பின் முதல் செய்தியில் 'இது தானியங்கிப் பதில்' என்ற ஒரு வரியையும் கட்டாயமாக்குவதற்கு எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை. அதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தன் வழிகாட்டு நெறிகளிலேயே சேர்த்துவிடலாம்.