ஈவென்டுக்குப் பெயர் மட்டும் போதாது

ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை கொச்சி மெட்ரோவுக்கு 25 நிலையங்கள். பயணச்சீட்டுப் பக்கம் ஒன்றில், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை வெப் காம்பொனென்டாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது தனி எச்டிஎம்எல் டேக் ஆகிவிடும். எந்தப் பக்கத்திலும் போடலாம். பயணி ஆலுவாவைத் தொட்டதும் 'நிலையம்-தேர்வு' என்ற ஈவென்டை அது வெளியே அனுப்பும். கட்டணம் கணக்கிடும் நிரல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஈவென்டோடு போகும் தகவலுக்கு 'டீட்டெயில்' என்று பெயர். இன்று அதில் நிலைய எண் போகிறது. நாளை யாரோ அதை நிலையப் பெயராக மாற்றினால் கட்டணம் தப்பாக வரும். தகவலின் வகையை, அதாவது டைப்பை, சரிபார்த்து இப்படிப்பட்ட பிழைகளை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிக்கத்தான் 2012இல் டைப்ஸ்கிரிப்ட் வந்தது. 'கீடவுன்' போன்ற பிரவுசரின் சொந்த ஈவென்டுகளை அது நன்றாக அறியும். நாம் வைத்த பெயரை அறியாது. டீட்டெயில் இல்லாத வெறும் ஈவென்ட் என்றே கொள்ளும், டீட்டெயிலைப் படித்தால் பிழையும் காட்டும். அவசரத்தில் இருப்பவர் 'இதை டீட்டெயில் உள்ள ஈவென்டாக எடுத்துக்கொள்' என்று பொருள்படும் 'ஆஸ் கஸ்டம்ஈவென்ட்' என்பதைச் சேர்த்துவிடுவார். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு போய்விடும். கூடவே டீட்டெயிலின் டைப் 'எனி', அதாவது 'எதுவானாலும் சரி' என்று ஆகி, சோதனையும் போய்விடும்.

இந்த ஓட்டையை அடைக்க லின்ட் விதி உதவுகிறது. நிரலை ஓட்டாமலேயே படித்துக் குறை சொல்லும் 'லின்ட்' கருவியை, சி மொழிக்காக 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதினார். நிக்கோலஸ் ஜாக்காஸ் 2013இல் தொடங்கிய ஈஎஸ்லின்டில் யாரும் சொந்த விதி சேர்க்கலாம். கருவி நிரலை இலக்கண மரமாகப் பிரிக்கும். எந்தக் கிளை வந்தால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று விதி முன்கூட்டியே சொல்லிவைக்கும்.

நமது விதி முதலில் அந்த 'ஆஸ்' கிளையைப் பிடிக்க வேண்டும். என் கணிப்பில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்து, கஸ்டம்ஈவென்ட் உருவாகும் இடமெல்லாம் பார்த்து, அதன் பெயர் 'எச்டிஎம்எல்எலிமென்ட்ஈவென்ட்மேப்' பட்டியலில் டைப்போடு பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதிவு செய்துவிட்டால் கேட்கும் பக்கத்தில் டைப் தானாகவே வந்துவிடும், 'ஆஸ்' தேவைப்படாது. இரண்டு காம்பொனென்டுகள் ஒரே பெயரை வெவ்வேறு டைப்புகளுக்கு வைத்திருந்தால் டைப்ஸ்கிரிப்டே தடுத்துவிடும். பெரிய குழுக்களுக்கு இது மிக அரிய பாதுகாப்பு.

நிரல் ஓடும்போது துண்டுகளை ஒட்டி உருவாக்கப்படும் ஈவென்ட் பெயரை மட்டும் விதியால் படிக்க முடியாது. அப்படி எழுதுவதையும் பிழையாகவே அறிவித்துவிடலாம்.