அபினியும் அகத்தே சுரக்கும் அமுதமும்

அபினியின் சாரமாகிய மார்ஃபின் தீராத வேதனையையும் தணிக்கும் என்பதும், அளவு மிஞ்சினால் சுவாசத்தையே நிறுத்திவிடும் என்பதும் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயங்களே. ஆயினும் கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு மனித மூளையின்மேல் இத்தனை ஆதிக்கம் எவ்வாறு வாய்த்தது என்பது விளங்காமலே இருந்தது. 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஸாலமன் ஸ்நைடரும் கேண்டஸ் பெர்ட்டும், இவ்வகை மருந்துகள் சென்று பற்றும் ஏற்பிகள் மூளைத் திசுவில் இருப்பதை ருசுப்படுத்தினார்கள். எங்கோ விளையும் ஒரு செடியின் ரசத்தை எதிர்பார்த்தா பிராணிகளின் சரீரம் இவற்றை அமைத்துக்கொண்டது? அவற்றுக்கு உரிய பொருள் உள்ளேயே சுரக்கவேண்டும் அல்லவா?

அதைத் தேடிக் கண்டவர்கள் ஸ்காட்லாந்திலுள்ள அபர்டீன் நகரத்து ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் ஜான் ஹியூஸும். கினியா எலியின் குடல்துண்டு ஒன்றை உப்புத் திரவத்தில் தொங்கவிட்டு மின்சாரத்தால் தூண்டினால் அது விட்டுவிட்டுச் சுருங்கும்; மார்ஃபின் கலந்ததும் அந்தத் துடிப்பு அடங்கும்; நாலக்ஸோன் என்னும் முறிமருந்தைச் சேர்த்தால் மறுபடியும் எழும். பன்றிகளின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை விட்டபோதும் துடிப்பு அவ்வாறே அடங்கியது, நாலக்ஸோனால் மீண்டது. 1975-இல் அவர்கள் அறிவித்த என்கெபாலின்கள் இரண்டும் ஐந்தைந்து அமினோ அமிலங்களே கொண்ட சின்னஞ்சிறு பெப்டைடுகள். கடைசி அமிலம் ஒன்றில்தான் பேதம்.

மியூ, டெல்டா, கப்பா என்பவை இந்த ஏற்பிக் குடும்பத்தில் பிரதானமானவை. உயிரணுவின் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கும் இப்புரதங்களைப் பெப்டைடு வெளியே தீண்டியதும், உள்ளே கால்சியம் புகும் வழி அடைபட, பொட்டாசியம் வெளியேற, நரம்பு கொண்டுசெல்லும் வேதனைச் செய்தி தளர்ந்துவிடுகிறது. கப்பாவும் வலியைத் தணிப்பதுதான். ஆனால் கூடவே மனக்கலக்கத்தைத் தருகிறது. மியூவிடமோ நிவாரணம், சுகபோதை, மலச்சிக்கல், மூச்சுத் தளர்ச்சி யாவும் ஒருங்கே குடியிருக்கின்றன. மருந்து செய்வோரின் சங்கடம் இங்கேதான். மலச்சிக்கல் என்ற தோஷத்தையே குணமாக்கிக்கொண்டது, வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோபெரமைடு. அது குடலின் மியூ ஏற்பிகளைத் தொடும். உரிய அளவில் உட்கொண்டால் மூளையின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.

என்கெபாலின் சுரந்த சிறிது நேரத்திலேயே நொதிகளால் சிதைந்துபோகிறது; மார்ஃபினோ மணிக்கணக்கில் தங்குகிறது. மூச்சடங்கிக் கிடப்பவரை எழுப்பும் நாலக்ஸோனின் பலம் அதற்குள் தீர்ந்துவிடலாம் என்பதால், கண்விழித்த நோயாளியை வைத்தியர்கள் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை.