கையால் கட்டும் விமானம்

பெங்களூரில் 1987-ஆம் ஆண்டில் பறந்த ஒரு சிறு விமானத்தைக் கண்டவர்கள், அது முன்பின் மாறிப் பறக்கிறதோ என்று ஐயுற்றிருந்தால் வியப்பில்லை. எஞ்சினும் சுழல்விசிறியும் அதற்குப் பின்புறத்தில். மூக்கின் அருகே ஒரு சிறு சிறகு. பெருஞ்சிறகோ வெகு பின்னால். தேசிய விமானவியல் ஆய்வுக்கூடத்தார் கட்டிய இவ்விமானம், அமெரிக்கரான பர்ட் ரூட்டான் வகுத்த 'லாங்-ஈஸி'யை அடிப்படையாகக் கொண்டது. லாங்-ஈஸி ஆலையில் செய்து விற்பதற்காக வகுக்கப்பட்டதன்று; வரைபடத்தை வாங்கி, ஓய்வு நேரத்தில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ள விரும்புவோருக்கானது. அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று இதை நாடியது ஏன்? அலுமினியத் தகடும் ஆணியும் இல்லாமல் கண்ணாடியிழையாலும் பசையாலும் விமானம் கட்டும் வித்தையைக் கைப்படக் கற்பதற்கே.

அவ்வித்தை பார்வைக்கு எளியது. தெர்மோகோலின் இனத்தைச் சேர்ந்த நுரைக்கட்டியின் இரு முனைகளிலும் சிறகின் வடிவில் வெட்டிய அச்சுப் பலகைகளைப் பொருத்துவர். மின்சாரத்தால் சூடேறிய கம்பியை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, பலகையில் குறித்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே ஒரே சீராக இழுப்பர். ஒருவர் முந்தினால் சிறகு கோணும். பின்னர்க் கண்ணாடியிழைத் துணியை அதன்மேல் விரித்து ஈபாக்சிப் பசையை ஊட்டுவர். பசை குறைந்தால் இழைகள் பற்றா. மிகுந்தால் வலுக் கூடாமல் எடைதான் ஏறும். வளைவைத் தாங்கும் இழை சிறகின் நீளவாட்டிலும், முறுக்கைத் தாங்கும் இழை குறுக்குச் சாய்வாகவும் அமைய வேண்டும். நுரையின் வேலை, தோல் மடங்காமல் வடிவத்தைக் காப்பதே. வெயிலில் நின்று சூடேறினால் பசை இளகக்கூடும். ஆதலால் இவ்வகை விமானங்களுக்கு வெண்ணிறமே பூசுவது வழக்கம். அழகுக்காக என்று எண்ணுவோர் பலர்.

முன்சிறகு வேடிக்கைக்காக வைத்ததன்று. வேகம் மிகக் குறையும்போது முதலில் தூக்குவிசையை இழப்பது அதுவே. உடனே மூக்கு மெல்லத் தாழ்ந்து, வேகம் மீளும். பெருஞ்சிறகு அந்நிலையை எட்டாமல் தப்பிக்கிறது. ஆயினும் இதற்கும் ஒரு சோதனை வந்தது. லாங்-ஈஸியின் தொடக்ககால முன்சிறகில் மழைநீர் படிந்ததும் தூக்குவிசை குறைந்து மூக்குத் தாழ்ந்தது. பின்னர் வேறு வடிவச் சிறகை வகுத்து அக்குறையைப் போக்கினர். பருவமழை பொழியும் நம் நாட்டில் இது சிறு செய்தியன்று.

எஞ்சினின் பாரம் பின்னால் இருப்பதால், விமானி இறங்கியதும் லாங்-ஈஸி பின்புறமாகச் சாயப் பார்க்கும். அதனால் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்ட நிலையிலேயே அதை நிறுத்தி வைப்பர்.

இவ்வாறு பெற்ற கைப்பழக்கத்தோடு ஆய்வுக்கூடத்தார் அடுத்து வகுத்த 'ஹன்சா' 1993-இல் பறந்தது. அதன் உடலும் இழையும் பசையுமே. ஆனால் அதில் இருவர் அருகருகே அமர்வர்; எஞ்சினும் மூக்கிலேயே இருக்கிறது.