வேலையை விட்ட பட்டதாரி உம்மாமார்

மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று படித்துத் தேறி, நல்ல பதவியிலும் இருந்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டோடு நிற்கும் உம்மாமார் இன்று நம்மிடையே பலர். இவர்களைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு பேச்சுத்தான் உண்டு. "இவ்வளவு படிச்சும் கடைசில அடுப்படிதானே" என்பது ஒன்று; "மாஷா அல்லாஹ், நல்ல முடிவு" என்பது மற்றது. முதற்பேச்சு கல்வியைச் சம்பளத்தால் அளக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. படித்த உம்மாவின் மடியில் வளரும் பிள்ளைக்குக் கிடைப்பதை எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுத முடியாது. ஆனால் பாராட்டுகிறவர்களும் அந்த முடிவின் செலவை யார் தாங்குவது என்று கேட்பதில்லை.

முதலில், எல்லாரும் விரும்பித்தான் விடுகிறார்களா? அரசாங்க உத்தியோகத்தில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு. அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், சம்பளமின்றி இன்னொரு 84 நாட்கள் எடுக்கலாம். தனியார் துறையில் முதல் 84 நாட்களோடு சரி. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை மூன்றாவது பிள்ளைக்கு அதுவும் இல்லை, 42 நாட்கள்தான். மூன்று மாதக் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது?

இதற்கு ஊருக்கு ஊர் விடை வேறு. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். (அந்த வீட்டைக் கட்ட வாப்பாமார் படும் பாடு வேறு கதை.) உம்மா அதே வளவில், சாச்சி அடுத்த வளவில். அதனால் அங்கே ஆசிரியைகள் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாகப் பாடசாலைக்குப் போகிறார்கள். அதே பெண் கலியாணம் முடித்துத் தெஹிவளையில் மாடிவீடொன்றில் தனியாக இருந்தால், எத்தனை பட்டம் இருந்தும் வேலையை விட வேண்டித்தான் வரும். இதைத் தெரிவு என்று சொல்வதா, வேறு வழியின்மை என்பதா?

அடுத்தது பணக்கணக்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் கட்ட வேண்டும். சாதாரணமாகப் பெண்கள் 50 வயதில்தான் அதை எடுக்கலாம். ஆனால் திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் முன்னதாகவே முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து வருடம் பூர்த்தியானால் பணிக்கொடையும் சேரும். கைக்கு வரும் அந்தத் தொகை எங்கே போகிறது? நான் அறிந்த வீடுகளில் பெரும்பாலும் காணிக்கோ, வீட்டின் மேல்மாடிக்கோ, மாப்பிள்ளையின் வியாபாரத்துக்கோ போயிருக்கிறது. முதுமைக்கென்று சேர்ந்த காசு முப்பது வயதில் கரைந்துவிடுகிறது.

மார்க்கம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது; கணவன் அதில் கை வைக்க உரிமையில்லை. அவள் சம்பாதித்தாலும் இல்லாவிட்டாலும் நபகா கணவன்மேல் கடமை. அவளாக மனமுவந்து கொடுத்தால் ஆகுமானதுதான். ஆனால் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பேசினால் "நம்பிக்கை இல்லையா" என்று முகம் சுருங்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

எழுதாமல் விட்டதன் விளைவு காதி நீதிமன்றத்தில் தெரியும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் கேட்கலாம். மனைவிக்கோ விவாகரத்தானால் பொதுவாக இத்தாக் காலத்தோடு தாபரிப்பு முடிந்துவிடும். பத்து வருடம் வேலையை விட்டிருந்தவள் நாற்பது வயதில் எந்தக் கந்தோருக்கு விண்ணப்பிப்பாள்?

ஆகவே, ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் சம்பளமில்லா லீவு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மாதாமாதம் அவள் பெயரில் ஒரு தொகை போட மாப்பிள்ளை உடன்படுகிறாரா என்று கேட்கட்டும். சேமலாப நிதிக் காசு வீட்டுக்குப் போவதானால், உறுதியில் யார் யார் பெயர் என்பதை நொத்தாரிசு முன்னிலையிலேயே பேசி முடிக்கட்டும்.